நெடுங்கதையும் நிலவறையும்

பெங்களூரில் ரிச்மண்டு டவுனுக்கும் விவேக் நகருக்கும் இடையே ஆஸ்டின் டவுன் என்னும் பகுதி உள்ளது. பழைய கண்டோன்மெண்டைச் சேர்ந்த இடம். மாலை வேளையில் அங்கே ஒரு தெருவை நடந்து கடப்பதற்குள் தமிழும் கன்னடமும் உருதும் ஆங்கிலமும் செவியில் விழுந்துவிடும். 1809 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பெங்களூரில் படை முகாம் அமைத்தனர். அது முதற்கொண்டு சென்னைப் படையைத் தொடர்ந்து சிப்பாய்களாகவும் கொத்தர்களாகவும் வணிகர்களாகவும் வீட்டுப் பணியாளர்களாகவும் தமிழ் மக்கள் அந்நகருக்கு வந்து குடியேறினர். அவர்தம் வழியினர்க்கு இன்று பெங்களூரே சொந்த ஊர். ஆயினும் வீட்டினுள் வழங்குவது தமிழே.

அத்தகைய ஓர் இல்லத்தில் நாம் சில நாள் விருந்தினராகத் தங்கியிருந்தோம். அவ்வீட்டு இளைஞர் கல்லூரியில் பயில்பவர். ஓர் இரவு, உணவுக்குப் பின், அவர் கணினியின் முன் கைகளைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார். திரையில் நான்கு வீரர்கள் ஒரு குகையின் வாயிலில் நின்றிருந்தனர். ஒருவரும் அசையவில்லை. "என்ன தம்பி, விளையாட்டு ஓடவில்லையா?" என்று வினவினோம். "ஓடுகிறது ஐயா. எங்கள் நால்வரில் ஒருவர் கதை பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்காக நிற்கிறோம்" என்றார்.

கணினி விளையாட்டு என்றாலே ஓட்டமும் கூச்சலும் என்று எண்ணியிருந்த நமக்கு இவ்விடை வியப்பளித்தது. மேலும் கேட்டபோது, அவர் தம் பழைய அனுபவம் ஒன்றைச் சொன்னார். முதன்முதலாக இத்தகைய குகை ஒன்றினுள் முன்பின் அறியாத மூவரோடு அவர் நுழைந்தபோது, திரையில் ஒரு கதைக் காட்சி தொடங்கியது. இத்தனை வாரம் ஊர் ஊராக அலைந்து, யார் யாருக்கோ தூது சென்று, அந்தக் கதையின் முடிவைக் காணத்தான் அவர் அங்கு வந்திருந்தார். ஆதலால் அமைதியாகப் பார்த்தார். காட்சி முடிந்து கண் திறந்தால், மற்ற மூவரும் காணாத் தொலைவுக்கு ஓடிப்போயிருந்தனர். இவர் பின்தொடர்ந்து ஓடினார். அரக்கனின் அரங்கத்தை அடைவதற்குள் அதன் வாயில் அடைபட்டுவிட்டது. உள்ளே போர் நடந்தது. இவர் வெளியே நின்றார். மூவரில் ஒருவர், "கதை வேண்டுமானால் திரைப்படத்துக்குப் போ" என்று ஆங்கிலத்தில் எழுதினார். இவர் அன்று அணைத்த கணினியை இரண்டு மாதம் அந்த விளையாட்டுக்காகத் திறக்கவில்லை.

சிறு செய்திதான். ஆனால் புதிய ஊரில், எல்லோரும் வழியறிந்து விரையும் இடத்தில், தாம் ஒருவர் மட்டும் தயங்கி நின்ற நாளை நினைவில் வைத்திருப்போர்க்கு இது சிறு செய்தியாகப் படாது. மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம் நேயர்களுள் அந்த நாளை அறியாதார் மிகச் சிலரே இருக்கக்கூடும். இவ்விளையாட்டுகளின் வரலாற்றை நாம் தேடிப் படித்ததற்கு அந்த அடைபட்ட வாயிலே காரணம்.

முதலில் இவ்விளையாட்டு எத்தகையது என்பதைச் சொல்லிவிடுவோம். ஆடுபவர் ஒவ்வொருவரும் ஒரு வேடம் புனைந்து, இணையத்தின் வழியே ஓர் கற்பனை நாட்டில் உலவுகின்றனர். ஆயிரக்கணக்கானோர் ஒரே நாட்டில் ஒரே வேளையில் இருப்பர். அங்கே ஊரார் இவர்களுக்குப் பணிகள் தருவர். ஒரு பணி முடிந்தால் அடுத்தது. அவற்றைக் கோத்தால் ஒரு நெடுங்கதை. இப்பணியை இளைஞர்கள் 'குவெஸ்ட்' என்பர். கதை ஓரிடத்தில் தனியொருவரால் வெல்லவியலாத குகைக்கோ கோட்டைக்கோ கொண்டுபோய் விடும். அதனை 'டஞ்சன்' என்பர். நிலவறை என்று நாம் வழங்குவோம். அங்கே நால்வரோ ஐவரோ கூடிச் செல்லல் வேண்டும். ஒருவர் முன்னின்று அடி தாங்குவார், ஒருவர் காயம் ஆற்றுவார், மற்றவர் தாக்குவர். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் குழு மடியும்.

இந்த நிலவறையின் மூலம் ஓர் உண்மைக் குகை. அமெரிக்காவில் வில்லியம் குரோதர் என்னும் கணினி வல்லுநர் இருந்தார். கென்டக்கி மாநிலத்தின் மாமத் குகைத் தொகுதியை அளந்து வரைபடம் ஆக்கியவர்களுள் அவரும் ஒருவர். மணவாழ்வு முறிந்து, பெண்மக்களைப் பிரிந்திருந்த காலத்தில், அவர்கள் வரும்போது விளையாடட்டும் என்று 1975-76 ஆம் ஆண்டுகளில் அக்குகையைச் சொற்களாலேயே கணினியில் அமைத்தார். படம் கிடையாது. "வடக்கே போ" என்று எழுதினால் வடக்கே என்ன இருக்கிறது என்று கணினி விடை எழுதும். 1977 இல் டான் உட்ஸ் என்பவர் அதனை விரித்தார். அதற்கு முன்னரே, 1974 இல், கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர், மேசையைச் சுற்றி அமர்ந்து பகடை உருட்டி ஆடும் 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டிருந்தனர். (நிலவறை என்ற சொல்லைக் கேட்டால் பெங்களூர்த் தமிழர்க்குக் கோலார் தங்கவயல் நினைவுக்கு வரும். மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம். 2001 பிப்ரவரியில் மூடப்பட்டது. அங்கே இறங்கிய தமிழர்க்கு அது விளையாட்டன்று.)

குரோதரின் குகையில் ஆடுபவர் தனியர். அதனுள் பலரை ஒருங்கே நுழைத்தவர்கள் இங்கிலாந்து எசெக்ஸ் பல்கலைக்கழக மாணவர்களான ராய் டிரப்ஷாவும் ரிச்சர்டு பார்ட்டிலும். 1978 இல் அவர்கள் படைத்ததன் பெயர் 'மட்'. பலர் ஆடும் நிலவறை என்பதன் சுருக்கம். பலர் நுழைந்த அன்றே, ஒருவர் நின்று பார்க்க மற்றவர் விரையும் சிக்கலும் நுழைந்துவிட்டது என்று கொள்ளலாம்.

1999 மார்ச்சில் வெளிவந்த 'எவர்குவெஸ்ட்' என்னும் விளையாட்டில் அச்சிக்கல் பெரிதாகத் தோன்றவில்லை. காரணம் எளிது: அங்கே எல்லோருமே மெதுவாகத்தான் சென்றனர். மந்திரம் கற்றவர் ஆற்றல் தீர்ந்தால் தரையில் அமர்ந்து சுவடியைத் திறத்தல் வேண்டும். தொடக்கக் காலத்தில் அச்சுவடி திரையையே மறைத்துவிடும். எதிரில் பகைவன் வருவதைக் கூடக் காண இயலாது. கடல் கடக்க வேண்டுமாயின் துறையில் நின்று கப்பலுக்குக் காத்திருத்தல் வேண்டும். மாண்டால் உடைமைகளெல்லாம் உடலோடு கிடக்கும். அதை மீட்க, மாண்ட இடத்துக்கே வெறுங்கையோடு திரும்பிச் செல்லல் வேண்டும். இவ்வளவு இடர்ப்பாட்டுக்கும் பணம் வேறு கட்டினார்கள் என்றால் நம் முன்னோர் நகைத்திருப்பர். ஆயினும் அக்காலத்தில் ஆடியவர்கள் இன்றும் அதனை அன்போடு நினைவுகூர்கின்றனர். திரையை மறைத்த சுவடியின் முன் அமர்ந்திருந்தவர்க்குப் பேசுவதைத் தவிர வேறு வேலை இல்லை. ஆதலால் பேசினர். ஊரென்ன, வேலையென்ன என்று கேட்டுக்கொண்டனர். உடல் மீட்கத் துணை வந்தவரை மறுநாளும் தேடினர்.

நம் நாட்டுக்கும் இவ்விளையாட்டுகள் வரலாயின. 2000 க்குப் பிந்திய பத்தாண்டின் நடுப்பகுதியில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சிஃபி நிறுவனம், 'ஏ-3' என்னும் கொரிய விளையாட்டை இந்தியாவில் நடத்தியது. அதன் 'ஐ-வே' கணினி மையங்கள் ஊர்தோறும் இருந்த காலம் அது. 'ராக்னராக்' என்னும் மற்றொரு கொரிய விளையாட்டும் 'லெவல் அப்' நிறுவனத்தின் வழியே இந்தியர்க்கென்று தனிக் களத்தோடு வந்தது. இரண்டும் நிலைக்கவில்லை.

இனி, பலரும் அறிந்த 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டுக்கு வருவோம். அது 2004 நவம்பர் 23 அன்று வெளிவந்தது. அதிலுள்ள 'டெட்மைன்ஸ்' என்னும் சுரங்க நிலவறை இவ்வரலாற்றில் தனியிடம் பெறத்தக்கது. புதியவர் முதன்முதலில் காணும் நிலவறைகளுள் அது ஒன்று. வெஸ்ட்ஃபால் என்னும் வறண்ட உழவர் நிலத்தில் கொள்ளையர் கூட்டம் ஒன்று மக்களை வருத்துகிறது. அதன் தலைவன் எட்வின் வான்கிளீஃப். அவனைப் பிடிக்குமுன், ஊர்க்காவல் படையின் தலைவர் நம்மை ஏவுகிறார். ஓர் ஊருக்குச் சென்று ஒருவரைக் கேள், தலைநகர் சென்று மற்றொருவரைக் கேள், திரும்பி வா, மீண்டும் போ. குதிரையும் இல்லாத நிலையில் இவ்வளவும் கால்நடை. பொறுமையற்றவர்கள் இதனைச் சபித்தனர். முடிவில் ஐவர் கூடிச் சுரங்கத்தினுள் இறங்கினால், உள்ளே ஒரு மறைவான நீர்த்துறை. அதில் ஒரு கப்பல். கப்பலின் மேல் வான்கிளீஃப்.

இந்த வான்கிளீஃப் யார்? அவன் பிறவிக் கொள்ளையன் அல்லன், கொத்தன். போரில் அழிந்த ஸ்டார்ம்விண்டு என்னும் தலைநகரை மீண்டும் கட்டி எழுப்பிய கல்தச்சர் சங்கத்தின் தலைவன். கோட்டையும் கோபுரமும் கட்டி முடிந்ததும் பிரபுக்கள் கூலி தர மறுத்தனர். கலகம் மூண்டது, தச்சர்கள் நகரை விட்டு ஓடினர், ஓடியவர்கள் கொள்ளையர் ஆயினர். நாம் பணிகள் பெற்றுத் திரிந்த அந்த அழகிய வெண்ணிற நகரம் அவர்கள் கைப்படக் கட்டியது. இச்செய்தி, விரைந்து அடித்து விரைந்து திரும்புவோர்க்குக் கிடைக்காது. ஊர் ஊராக அலைந்தபோது சொல்லப்பட்டவற்றை நின்று படித்தோர்க்குக் கிட்டும். அவன் வீழ்ந்தபின் அவனுடலில் ஒரு கடிதம் இருக்கும். எழுதி, அனுப்பப்படாமலே போன கடிதம். தலைநகரில் வாழும் கட்டடக் கலைஞர் ஒருவர்க்கு எழுதியது. அதனை எடுத்துச்சென்று அவர் கையில் கொடுப்பது அடுத்த பணி. எத்தனையோ பேர் வான்கிளீஃபின் வாளை எடுத்தனர். கடிதத்தைப் பையிலேயே வைத்து மறந்தனர்.

கண்டோன்மெண்டின் கட்டடங்களை எழுப்பிய கைகளுள் தமிழர் கைகள் பல. இன்றும் பிற மாநிலங்களின் பெருநகர்களில் சாரத்தின் மேல் நிற்பவர்களுள் அந்நகரத்தார் எத்தனை பேர், வெளியூரார் எத்தனை பேர் என்பதை நேயர்களே அறிவர். அத்தகையோர் வீட்டுப் பிள்ளை ஒருவன் இந்தச் சுரங்கத்தில் இறங்கும்போது, கதையை நின்று படித்தால் ஒன்று உணர்வான். ஓடிக் கடந்தால் வேறொன்று பெறுவான். ஓடிக் கடந்தவனுக்கு வாள் கிடைக்கும் என்பதையும் மறுப்பதற்கில்லை.

அவ்விளையாட்டின் தொடக்க ஆண்டுகளில் ஐவரைச் சேர்ப்பதே பெரும்பாடு. நகரச் சதுக்கத்தில் நின்று, "காயம் ஆற்றுபவர் ஒருவர் வேண்டும்" என்று கூவுதல் வேண்டும். ஒரு மணி நேரம் கூவியபின் ஒருவர் கிடைப்பார். அதற்குள் முன்பு கிடைத்தவர் உறங்கப் போய்விடுவார். 2009 டிசம்பரில் ஒரு மாற்றம் வந்தது. பெயரைப் பதிந்தால் கணினியே பல களங்களிலிருந்து ஐவரைத் தேர்ந்து நிலவறையின் வாயிலில் கொண்டுவந்து நிறுத்தும் ஏற்பாடு அது. கூவும் தொல்லை ஒழிந்தது. ஆனால் அவ்வாறு சேர்ந்த ஐவரும் வெவ்வேறு களத்தினர்; நிலவறை முடிந்தால் ஒருவர் முகத்தில் மற்றவர் மீண்டும் விழிக்கப் போவதில்லை. விழிக்கப் போவதில்லை என்றால் காத்திருப்பானேன்? புதியவர் கதை கேட்டால் பழையவர் சினந்தார். மெதுவாக நடந்தால் வாக்களித்து வெளியேற்றினார். 2011 டிசம்பரில் வந்த 'ஸ்டார் வார்ஸ்' இணைய விளையாட்டில் குழுவினர் அனைவரும் சேர்ந்து உரையாடலில் பங்குகொள்ளும் காட்சிகளை அமைத்தனர். அங்கும் பழையவர்கள், காட்சியைத் தாண்டும் விசையின் பெயரையே திரும்பத் திரும்ப எழுதிப் புதியவரை நெருக்கினர். 2019 ஆகஸ்டில் வார்கிராஃப்டின் பழைய வடிவத்தையே மீண்டும் வெளியிட்டபோது, அதில் தானே ஆள் சேர்க்கும் ஏற்பாடு இல்லை. பெருங்கூட்டம் திரண்டு வந்தது. சதுக்கத்தில் மீண்டும் கூவினர்.

இங்கே நம் ஊர்க் கூத்தை எண்ணாமல் இருக்க முடியவில்லை. தொண்டை மண்டலத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதம் படிப்பர். இரவில் கூத்து நிகழும். பல இரவுகள் தொடரும் கதை. கூடியிருப்போருள் பெரும்பாலோர் அதனைப் பத்து முறை கேட்டவர்கள். துகில் உரிதலும் தவநிலையும் எவ்வாறு முடியும் என்பது பாட்டிக்கும் தெரியும், பேரனுக்கும் தெரியும். எனினும் ஒருவரும் "அடுத்த காட்சிக்குப் போ" என்று கூறுவதில்லை. கட்டியங்காரன் ஒவ்வொரு வேடத்தையும் யார், எவர் என்று கேட்டுச் சொல்லவைத்து, பிந்தி வந்தவனுக்கும் கதையை எட்டச் செய்கிறான். பெங்களூரிலேயே, தருமராயர் கோயிலின் கரகம் சித்திரை முழுநிலா இரவில் நகரைச் சுற்றும்போது, தவக்கல் மஸ்தான் தர்காவில் நின்றுதான் செல்கிறது. ஊர்வலத்தை நடத்தும் திகளர் குலத்தார் அந்த நிறுத்தத்தைக் கால விரயம் என்று கருதியதில்லை. இவை ஒரே ஊரில் கூடி வாழ்வோரின் வழக்கங்கள். ஒருவரை ஒருவர் அறியாத நால்வர்க்கு இடையே இதனை எவ்வாறு உண்டாக்குவது?

அம்முயற்சியில் நெடுந்தொலைவு சென்றது ஜப்பானிய விளையாட்டான 'ஃபைனல் ஃபேண்டஸி 14' என்பது நம் கருத்து. 2010 செப்டம்பரில் வெளிவந்து படுதோல்வி அடைந்த விளையாட்டு அது. நவோகி யோஷிடா என்பவர் பொறுப்பேற்று, 2012 நவம்பரில் பழைய உலகை மூடி, 2013 ஆகஸ்டில் புதிதாகத் திறந்தார். அங்கே நெடுங்கதையைத் தாண்டி ஒருவரும் முன்செல்ல இயலாது. நிலவறைகள் அக்கதையின் படிகளாகவே அமைந்தவை. ஆதலால் புதியவர் எவரும் பழைய நிலவறைகளுக்குள் நுழைந்தே தீரவேண்டும். அவர்க்குத் துணை யார்? பழையவர்கள் நாள்தோறும் ஒரு முறை, எந்த நிலவறை வாய்க்கிறதோ அதனுள் சென்றுவந்தால் பரிசு உண்டு என்று வைத்தனர். குழுவில் முதன்முறை வருபவர் ஒருவர் இருந்தால், அச்செய்தியை எல்லோர்க்கும் அறிவித்து, அதற்கென்று தனிப் பரிசும் தந்தனர். புதியவர் சுமை என்பது மாறி, புதியவர் வரவு என்றாயிற்று.

இதிலும் ஓரிடத்தில் முறிந்தது. முதற்பாகத்தின் இறுதியில் எண்மர் கூடிச் செல்லும் இரு கோட்டைகள் உண்டு. இரண்டாவதன் பெயர் பிரிட்டோரியம். கதையின் உச்சம் முழுவதும் அங்கேதான் காட்சிகளாக விரிகிறது. பழையவர்கள் காட்சிகளைத் தாண்டி ஓடினர். புதியவர் ஒரு காட்சி பார்த்து முடிப்பதற்குள் அடுத்த போர் முடிந்திருந்தது. பல நாள் உழைத்து வந்த கதையின் முடிவில், வெற்றி முழக்கம் மட்டும் காதில் விழுந்தது. ஆஸ்டின் டவுன் இளைஞர் சொன்ன அதே வகைத் துயரம். பிற்பாடு, அங்கே காட்சிகளை ஒருவரும் தாண்ட இயலாதவாறு பூட்டினர். எண்மரும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தனர். பழையவர்கள் நாளிதழ் படித்தனர், தேநீர் காய்ச்சினர், முணுமுணுத்தனர். பரிசு பெரிதாகையால் மறுநாளும் வந்தனர். கட்டாயத்தால் காத்திருக்கச் செய்தது சரியா என்று கேட்கலாம். தாங்களாக நின்றிருந்தால் பூட்டுத் தேவைப்பட்டிராது என்பதே நமக்குத் தோன்றும் விடை. 2020 ஆகஸ்டில் முதற்பாகத்தின் பணிகளில் வெறும் அலைச்சலாக இருந்தவற்றைக் குறைத்தனர். 2022 ஏப்ரலில் அவ்விரு கோட்டைகளையும் நால்வர்க்கு உரியவையாகத் திருத்தி, இறுதிப் போரைத் தனியாகப் பிரித்தனர். அப்போது முதல், கதையின் பழைய நிலவறைகளுக்கும் கணினியே இயக்கும் துணைவர்களோடு தனித்துச் செல்லவும் படிப்படியாக வழி செய்தனர். கூச்சமுடையோர்க்கு அது பெருந்துணை. ஆயினும் கணினித் துணைவர்க்கு நேரமும் இல்லை, சலிப்பும் இல்லை. அவர்கள் நமக்காக நிற்பதில் அவர்கள் இழப்பது ஒன்றுமில்லை.

நம் நாட்டினர்க்கு மேலும் ஓர் இடர் உண்டு. அவ்விளையாட்டின் களங்கள் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கின்றன, இந்தியாவில் இல்லை. பெங்களூரில் இரவு எட்டு மணி என்றால் ஜப்பானில் பதினொன்றரை. அங்குள்ளோர் படுக்கைக்குப் போகும் வேளையில் நம்மவர் துணை தேடுகின்றனர். மொழியும் வேறு. அதற்கு ஓர் ஏற்பாடு உண்டு: பொதுவான சொற்றொடர்களைத் தொகுத்து வைத்துள்ளனர், நாம் ஆங்கிலத்தில் ஒன்றைத் தேர்ந்தால் ஜப்பானியர் தம் மொழியில் அதனைக் காண்பர். வணக்கம், நன்றி, நான் புதியவன் என்னும் அளவுக்கு அது போதும். புதியவர் செய்யத்தக்கது இந்த மூன்றாவதை வாயிலிலேயே சொல்லிவிடுவது. சொன்னவர்க்காகக் குழுக்கள் பெரும்பாலும் நிற்கின்றன என்று இளைஞர் கூறினார். அவர் முதல் நாளில் அதனைச் சொல்லத் தெரியாதிருந்தார். கதையைத் தாண்ட விலை கொடுத்து ஒரு சீட்டு வாங்கும் வழியும் உண்டு. அவசரமுடையோர் வாங்கட்டும்.

இவ்வளவும் நாம் பின்னர் அறிந்தவை. அன்றிரவு அறிந்தது, குகை வாயிலில் நின்ற நால்வரைப் பற்றி மட்டுமே. கதை பார்த்துக்கொண்டிருந்தவர் எந்நாட்டவர் என்று இளைஞர்க்குத் தெரியாது. ஐந்து நிமிடம் கடந்தது. குழுவில் ஒருவர் முன்னே இரண்டடி ஓடினார். இளைஞரே அன்று அடி தாங்குபவர், அவர் அசையாமையால் ஓடியவர் திரும்பி வந்து நின்றார். வேறொருவர் தம் வீரனை நடனமாடச் செய்தார். பிறகு அந்தப் புதியவர் அசைந்தார். "மன்னிக்கவும், காட்சி நீளமாக இருந்தது" என்று எழுதினார். இளைஞர் "உள்ளே இன்னொன்று இருக்கிறது, அதையும் முழுவதும் பாருங்கள்" என்று எழுதிவிட்டு, நம்மிடம், "இனி அரை மணி ஆகும் ஐயா. நீங்கள் படுத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

நாம் படுக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அருகில் அமர்ந்தோம்.